நாத்தனாருக்கு ஒரு சீட்டு

அந்த ஜன்னலோரம் என்னுது தாயி. வெளிய நின்னபடிக்கே கைக்குட்டையப் போட்டுட்டுத்தான் சுத்தி வந்து ஏறுனேன். நீ அது மேலயே உக்காந்திருக்க பாரு. பரவால்ல, பரவால்ல, எந்திரிக்க வேணாம். சரி, எந்திரிச்சதுதான் எந்திரிச்சிட்ட, அப்படியே இந்தப் பக்கம் உக்காந்துக்கோ. எனக்குக் காத்து வேணும். உனக்குச் சின்ன வயசு, எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான்.

கோவில்பட்டிக்கா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். தம்பி வீட்டுக்குப் போறேன். வாரேன்னு சொல்லல. போன தடவ சொல்லிட்டுப் போனேன், பாத்தா வீடு பூட்டிக் கெடக்கு. அன்னிக்குன்னு பாத்து புருசனும் பொண்டாட்டியும் திடீர்னு குத்தாலம் போயிட்டாங்களாம். சீசன் அப்படி, அவங்க என்ன செய்வாங்க? அதான் இந்தத் தடவ சொல்லாமக் கொள்ளாமப் போய் வாசல்ல நிக்கப் போறேன். சந்தோசப்படுவாங்க.

என்ன அப்படிப் பாக்க? இடம் பிடிக்கிறதுல நான் கெட்டிக்காரி தாயி. ரயிலு, பஸ்ஸு, ஆஸ்பத்திரி, ரேஷன் கட, எங்க போனாலும் எனக்குன்னு ஒரு எடம் கெடைக்காமப் போனதே இல்ல. பஸ்ஸுன்னா ஜன்னல் இருக்கு, துண்டப் போடலாம். விமானத்துல என்ன செய்வ? அதுலயும் பிடிச்சவ நான். சீட்டே இல்ல, போங்கன்னு சொன்ன விமானத்துல ஏறிப் போய், என் தம்பி கல்யாணத்துல நாத்தனார் முடிச்சுப் போட்டேன். சும்மாவா?

என் பேரு செண்பகவல்லி. பேரச் சொன்னாலே கோவில்பட்டிக்காரின்னு தெரிஞ்சிரும். கட்டிக்குடுத்தது மெட்ராசுல, கொளத்தூரு. எங்க வீட்டுக்காரக கரெண்டு ஆபீசுல இருந்து ரிட்டையர் ஆனவுக. அதிகம் பேச மாட்டாக. நான் பேசுறதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருப்பாக. இப்படி ஒரு மனுசன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்.

தம்பி பேரு வேல்சாமி. மோட்டாருக்குக் காயில் கட்டுற கட வச்சிருக்கான். எங்கம்மா போகும்போது அவன் மூணாங்கிளாசு. நான்தான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தல சீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனேன். எனக்குக் கல்யாணமாகி மெட்ராசுக்குக் கெளம்புற அன்னிக்கு என் சேல முந்தியப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டான். கத்தரிக்கோல் எடுத்துட்டு வரவான்னு ஒரு மாமா கேலி பண்ணாரு. அப்படிப் பிடி.

அவனுக்கு லேசுல பொண்ணு அமையல தாயி. நானும் மெட்ராசுல இருந்து வந்து வந்து அலையா அலைஞ்சேன். விளாத்திகுளத்துல ஒரு பொண்ணு, சிரிச்சா ஈறு தெரியுது. சாத்தூர்ல ஒண்ணு, காப்பிய ஆத்தாம அப்படியே கொண்டாந்து நீட்டுது. காப்பி ஆத்தப் பொறுமையில்லாதவ குடும்பத்த எப்படி நடத்துவா? கழுகுமலையில எல்லாம் பொருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா பொண்ணோட அப்பா நான் கேட்ட ஒண்ணுக்கும் பதில் சொல்லல. என்ன திமிரு இந்த மனுசனுக்குன்னு எந்திரிச்சு வந்துட்டேன். அவருக்குக் காது கேக்காதுன்னு பஸ் ஏறுனப்புறம்தான் சொல்றாங்க. முன்னாடியே சொல்ல வேண்டாமா? அன்னிக்கு வீடு வந்து சேர்ற வரைக்கும் தம்பி ஒரு வார்த்த பேசல. எனக்கு நடந்த அவமானத்துல அவனுக்கும் கோவம்.

கடைசியா அமைஞ்சவதான் இந்தப் பூரணி. எட்டயபுரத்துல டீச்சர். நிச்சயதார்த்தத்துக்கு என்னால போக முடியல. எனக்குக் கண்ணுல புரை எடுத்த அன்னிக்குன்னு பாத்து நல்ல நாள் அமைஞ்சுபோச்சு. அத விட்டா இப்போதைக்கு நாளே இல்லன்னு சோசியர் சொல்லிட்டாராம். தட்டு மாத்துனப்புறம் போன் பண்ணி, "அக்கா, உன் கண்ணுதான் முக்கியம், நீ கட்டப் பிரிக்காத"ன்னான். அந்த நேரத்துலயும் என் கண்ணத்தான் நெனச்சிருக்கான் பாரு.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வாரேன்னேன். வேணாங்கா, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கோம், அந்த வாசன உனக்கு ஆகாதுன்னான். சரி, ரெண்டு மூணு நாள் முன்னாடி வாரேன்னேன். "முட்டி வலியோட ரயில்ல எதுக்குக்கா அலையுற? உனக்கும் அத்தானுக்கும் நானே விமானத்துல டிக்கெட் போட்டுட்டேன். தூத்துக்குடியில எறங்குனா கார் வந்து நிக்கும். முந்தின நாள் சாயங்காலம் கெளம்பு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு மண்டபத்துல இருக்கலாம்"னான். விடிஞ்சா முகூர்த்தம். எங்க தெருவுல எந்தத் தம்பி அக்காவ விமானத்துல கூப்பிட்டிருக்கான்? சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப்போச்சு.

நாத்தனார் முடிச்சு தெரியும்ல உனக்கு? தாலிய மாப்பிள்ள பொண்ணு கழுத்துல வச்சு மொத முடிச்சுப் போடுவான். மத்த ரெண்டும் அவன்கூடப் பொறந்தவ போடணும். அவனுக்குக் கூடப்பொறந்தவ நான் ஒருத்திதான். நான் இல்லேன்னா எங்க சித்தப்பா மக கஸ்தூரி போட்டுருவா. கஸ்தூரி யாரு? ஒண்ணுவிட்ட தங்கச்சி. உள்ளூர்லயே இருக்கா, அவனுக்குக் காய்ச்சல்னா கஞ்சி வச்சுக் குடுப்பா, கடையப் பாத்துக்குவா, கல்யாணத்துக்குப் பத்திரிக வச்சதெல்லாம் அவதான். அவ்வளவுதான். அதுக்காக முடிச்சப் போட்டுற முடியுமா?

சரி, ஏர்போர்ட்டுக்கு வாரேன். கவுண்டர்ல ஒரு சின்னப் பொண்ணு. சட்டையில பேரு குத்தியிருந்துச்சு, ஜெனிட்டான்னு. எங்க டிக்கெட்ட வாங்குனா. கம்ப்யூட்டரப் பாக்கா, எங்களப் பாக்கா, திரும்பக் கம்ப்யூட்டரப் பாக்கா.

"மேடம், உங்க ரெண்டு பேருக்கும் சீட் வரல. ஃப்ளைட் ஃபுல்."

"டிக்கெட் இருக்கேம்மா."

"டிக்கெட் இருக்கு மேடம். சீட்டுதான் இல்ல."

எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. அவ பொறுமையாத்தான் சொன்னா. எப்பவும் ஒரு சில பேரு வராமப் போயிருவாங்களாம். அதனால இருக்கிற சீட்டுக்கு மேல கொஞ்சம் டிக்கெட்டு வித்து வைப்பாங்களாம். அன்னிக்கு அம்புட்டுப் பேரும் வந்துட்டாங்களாம். அப்ப வந்தது எங்க தப்பான்னு கேட்டேன். கல்யாண வீட்டுல எல பத்தலேன்னா அடுத்த பந்தியில உக்கார வைப்போம், உங்க அடுத்த பந்தி எப்பன்னு கேட்டேன்.

"நாளைக்கு மத்தியானம் மேடம்."

நாளைக்கு மத்தியானமா! அதுக்குள்ள தாலி கட்டி, பந்தி முடிஞ்சு, மண்டபத்தக் கூட்டித் தள்ளியிருப்பாங்க. கண்ணு முன்னால கஸ்தூரி பட்டுச் சேலயக் கட்டிக்கிட்டு மணமேடையில நிக்கா.

"முந்தின நாளே செல்போன்ல சீட்டுப் போட்டிருக்கணும் மேடம். மெசேஜ் வந்திருக்குமே"ன்னா அந்தப் பொண்ணு. எந்த நம்பருக்குன்னு பாத்தா, தம்பி நம்பர். அவன்தான டிக்கெட் எடுத்தான்! மூணு மெசேஜ் போயிருக்கு, மூணையும் தொறந்து பாத்திருக்கான்னு அந்தப் பொண்ணு சொல்லுது. கல்யாண அவசரத்துல எதத் தொறக்கோம், எத மூடுறோம்னு யாருக்குத் தெரியும்?

உடனே அவனுக்குப் போன் போட்டேன். நான் அழுகுறேன், அவன் எவ்வளவு நெதானமாப் பேசுறான்னு நினைக்க! "அய்யய்யோ, அப்படியா அக்கா? சரி, விடு. மனசப் போட்டு அலட்டிக்காத. அவங்க நல்ல ஓட்டல்ல ரூம் போட்டுத் தருவாங்க. நல்லாச் சாப்பிடு, நல்லாத் தூங்கு. இங்க கஸ்தூரி இருக்கா, பாத்துக்குவா"ங்கான். என் மனசு நோகக் கூடாதுன்னு தன் வருத்தத்த அப்படியே முழுங்கிட்டான். அவன் அப்படிப் பேசப் பேசத்தான் எனக்கு வைராக்கியம் வந்துச்சு. என் தம்பிய இப்படித் தவிக்க விட மாட்டேன்னு நெனச்சேன்.

பக்கத்துல நின்ன எங்க வீட்டுக்காரகளப் பாத்து, ஏதாச்சும் பேசுங்களேன்னேன். "ரூம்ல டிவி இருக்குமா?"ன்னு அந்தப் பொண்ணுகிட்டக் கேக்காக. அதிர்ச்சியில மனுசனுக்கு என்ன பேசுறோம்னே தெரியல.

அந்தக் கவுண்டருக்குப் பக்கத்துல பெட்டியத் தூக்கி வைக்கத் தாழ ஒரு தராசு இருக்கும். எனக்கா முட்டி வலி. நின்னு நின்னு தாங்கல. அது மேல உக்காந்துட்டேன். உக்காந்ததும் மேல செவப்பு எழுத்துல என்னமோ ஓடுச்சு. வரிசையில நின்ன பயலுக எட்டிப் பாத்துச் சிரிச்சானுக.

"மேடம், அது லக்கேஜ் எடை போடுற எடம்"னா ஜெனிட்டா.

"போட்டுக்கோ"ன்னேன். "எடை போட்ட சாமான ஏத்தாம விட்டது உண்டா? என்னையும் ஏத்து."

எந்திரிக்கவே இல்ல தாயி. துண்டப் போட ஜன்னல் இல்லேன்னா என்ன, ஆளையே போட்டுட்டேன். எங்களுக்குப் பின்னால நின்னவங்க பெட்டிய வைக்க முடியல. வரிசை வளந்துக்கிட்டே போச்சு. நானும் உக்காந்தபடிக்கே அந்தப் பொண்ணுகிட்டப் பேச்சுக் குடுத்தேன்.

"நீ எந்த ஊரு தாயி?"

"தூத்துக்குடிதான் மேடம்."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"போன தையிலதான் ஆச்சு."

"நாத்தனார் உண்டா?"

"ரெண்டு பேரு மேடம்"னா, கொரல் உள்ள போயிருச்சு.

"அப்ப நாத்தனார் இல்லாத கல்யாணம் எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும்."

அவ ஒரு பெருமூச்சு விட்டா. எங்கயோ பாத்துக்கிட்டே, "நல்லா இருக்கும்"னா. "என்னது?"ன்னேன். "நல்லா இருக்காதுன்னு சொன்னேன் மேடம்"னா. பாவம், நின்னுக்கிட்டே வேல பாக்குற பிள்ள, நாக்குக் கொழறும்தான. அப்புறம் தானாக் கேட்டா, மணப்பொண்ண நீங்க பாத்திருக்கீங்களா மேடம்னு. இன்னும் இல்ல தாயி, நாளைக்குத்தான் மொதத் தடவ பாக்கப் போறேன், எப்படி இருக்கான்னு பாத்துட்டுத்தான் மத்ததெல்லாம்னேன். நான் அதச் சொன்னதும் கம்ப்யூட்டர்ல வச்சிருந்த கைய மெல்ல எடுத்துக்கிட்டா. என்னாச்சோ தெரியல, அதுக்கப்புறம் எனக்காக ஒரு பொத்தானக்கூட அமுக்கல.

அப்புறம் அவளுக்கு மேல உள்ள அதிகாரி வந்தாரு. வரிசையப் பாத்து, "சீட்ட விட்டுக்குடுக்க யாராச்சும் முன்வருவீங்களா? ஓட்டல் ரூம், சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு, நாளைக்கு அனுப்பி வைப்போம்"னு சத்தமாக் கேட்டாரு. மொத ஆளாக் கையத் தூக்குனது யாரு தாயி? எங்க வீட்டுக்காரக! எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல. "ஏங்க, நமக்கே சீட்டு இல்ல, விட்டுக்குடுக்க உங்ககிட்ட என்ன இருக்கு"ன்னு கையப் பிடிச்சு எறக்கி விட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா, இன்னொரு கையத் தூக்கி வச்சிருக்காக.

வேற ஒரு ஆளு அசையல. சரி, நாமளே கேப்போம்னு தராசுல இருந்தபடிக்கே ஒவ்வொருத்தரா விசாரிச்சேன். பின்னால ஒருத்தரு, கண்ணாடி போட்டவரு, உப்புக் கம்பெனியில ஆபீசராம். எதுக்குப் போறீங்க சார்னு கேட்டேன். கணக்குத் தணிக்கைன்னாரு. உப்பு எங்கயும் ஓடிப்போயிராது சார், நாளைக்கும் அங்கயேதான் இருக்கும், என் தம்பி கல்யாணம் இருக்குமான்னு கேட்டேன். அம்மாவோட சாவுல இருந்து ஆரம்பிச்சு, சாத்தூர்க் காப்பி, கழுகுமலைக் காது எல்லாத்தையும் விவரமாச் சொன்னேன். அவரு தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு, சீட்ட மட்டும் குடுக்கல. கல்நெஞ்சக்காரன்னு அப்ப நெனச்சேன். ஆனா தங்கமான மனுசன், பின்னால தெரிஞ்சுது.

கடைசியில கடவுள் கண்ணத் தொறந்தாரு. யாரோ ஒருத்தர் வழியில வண்டி நெரிசல்ல மாட்டிக்கிட்டு வரவே இல்ல. ஒரே ஒரு சீட்டு. எனக்கு முன்னாடி வந்து காத்திருந்தவங்களும் ஒண்ணு ரெண்டு பேரு இருந்தாங்கதான். ஜெனிட்டா அவங்க பேரத்தான் சொன்னா. அந்த அதிகாரி தராசப் பாத்தாரு, தராசு மேல உக்காந்திருந்த என்னயப் பாத்தாரு, வரிசையப் பாத்தாரு. "மொதல்ல இந்தம்மாவுக்குக் குடும்மா, இவங்க எந்திரிச்சாத்தான் மத்த பெட்டிய எடை போட முடியும்"னுட்டாரு. எப்படி!

எனக்குக் கெடச்சுது, அவுகளுக்கு? "நீ போ, செண்பகம். நான் எப்படியாச்சும் சமாளிச்சுக்கறேன்"னாக. நெஞ்சு பொறுக்காம நான் அழுதேன். அப்பத்தான் அந்த உப்புக் கம்பெனி சார் கிட்ட வந்து, உங்களுக்கு எந்த சீட்டுன்னு என் சீட்ட வாங்கிப் பாத்தாரு. தன் சீட்டையும் பாத்தாரு. பக்கத்துப் பக்கத்து எடம். அம்புட்டுத்தான், மனுசன் மனசு எளகிருச்சு. எங்க வீட்டுக்காரக கையப் பிடிச்சுக்கிட்டு, "சார், குடும்பத்தப் பிரிக்கக் கூடாது. என் சீட்டுல நீங்க போங்க, நான் இருந்துக்கறேன்"னாரு. இவுக விடுவாகளா? "இல்ல சார், உங்களுக்கு ஆபீஸ் வேல, நீங்கதான் போகணும்." "இல்ல சார், நீங்க." "ஐயோ, நீங்க சார்." ஒருத்தர் கைய ஒருத்தர் விடல. விட்டுக்குடுக்கிறதுல இப்படி அடிச்சுக்கிட்டு நான் எங்கயும் பாத்ததில்ல. கடைசியில இவுகதான் ஜெயிச்சாக. ஜெனிட்டா ஓட்டல் சீட்டக் குடுத்ததும் அவுக அத வாங்கிக்கிட்டுப் போன வேகம் இருக்கே, கல்யாணமான இத்தன வருசத்துல அவுக அப்படி நடந்து நான் பாக்கல. நான் அழுகுறதப் பாக்கச் சகிக்காமப் போறாகன்னு எனக்குத் தெரியாதா?

விமானத்துல அந்த சார்கிட்ட மிச்சக் கதையெல்லாம் சொல்லிட்டு வந்தேன். மேல ஏறுனதும் காது அடைக்குதுன்னு பஞ்ச வச்சுக்கிட்டாரு. எறங்குன பிறகும் எடுக்கல, பாவம், ரொம்ப அடைச்சிருச்சு போல. தூத்துக்குடியில எறங்கிப் போனத் தொறந்தா அவுககிட்ட இருந்து ஒரு படம். பெரிய வெள்ளத் தொட்டி, நெறைய நுரை, அதுல அவுக ரெண்டு காலு மட்டும் தெரியுது. தனியா எப்படித் தவிச்சாகளோ.

தம்பி சொன்ன கார் வரல. நான்தான் வரலன்னு ஆயிருச்சே, அனுப்பியிருக்க மாட்டான். நானே ஒரு வாடகக் கார் பிடிச்சு மண்டபத்துல போய் எறங்குனேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க கைய அப்படியே எலையில வச்சுட்டாங்க. தம்பி சாம்பார் வாளியோட நின்னவன் வாளியத் தவற விட்டுட்டான். அவ்வளவு சந்தோசம் ஒருத்தன் மொகத்துல வந்தா எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் பாத்தேன். மொகமே வெளுத்துப்போச்சு.

காலையில மணமேடைக்குப் போனா, கஸ்தூரி நாத்தனார் சேலயக் கட்டிக்கிட்டு, தல நெறையப் பூ வச்சுக்கிட்டு, பொண்ணுக்குப் பின்னால உக்காந்திருக்கா. நான் போய் நின்னேன். "நீங்க வரலன்னு சொன்னாகளேக்கா. என்னையப் போடச் சொன்னாக"ங்கா. அதான் வந்துட்டேன்ல, எந்திரின்னேன். மணமேடையில நாத்தனாருக்கு ஒரு எடந்தான தாயி இருக்கும்? ரெண்டு பேருக்குச் சொல்லி வச்சா ஒருத்தி எந்திரிச்சுத்தான ஆகணும்? உடனே எந்திரிச்சா, நல்ல பிள்ள. கண்ணக் கசக்கிக்கிட்டே அடுக்களப் பக்கம் போனா. ஓமப் பொகை அன்னிக்கு ரொம்ப. ஓமம் இன்னும் வளக்கவே இல்லையேன்னு யாரோ சொன்னாக. அப்ப அடுப்புப் பொகையா இருக்கும்.

பொண்ண அப்பத்தான் பாத்தேன். புரை எடுத்தப்புறம் எனக்குக் கண்ணு பளிச்சுன்னு தெரியுது. மேலயும் கீழயும் பாத்தேன், முன்னயும் பின்னயும் பாத்தேன். சொல்லக்கூடாது, ஒரு கொறையும் இல்ல. சிரிச்சா ஈறு தெரியல. அவங்கப்பாவுக்குக் காது கேக்குது. எனக்கு என்னமோ கால் வைக்க எடமில்லாத மாதிரி இருந்துச்சு.

கெட்டிமேளம் கெட்டிமேளம்னு ஐயர் கைய ஆட்டுனாரு. தம்பி மொத முடிச்சப் போட்டான். நான் ரெண்டாவதப் போட்டேன். மூணாவதப் போடணும், கை ஓடல தாயி. கயிறு ரெண்டும் என் வெரல்ல இருக்கு, போட முடியல. இதப் போட்டுட்டா அவன் எனக்கு இல்லன்னு உள்ள ஏதோ சொல்லுச்சு. எந்தப் பொண்ணு வந்தாலும் எனக்கு இப்படித்தான் வயிறு எரிஞ்சிருக்கும்னு அந்த நேரத்துல தோணுச்சு. பயம் தாயி. வேற என்ன? பெத்த பிள்ளயா நான் வளத்தவன்.

தம்பி திரும்பிப் பாத்தான். கண்ணுல தண்ணி. "போடுக்கா"ன்னான், மெதுவா. அந்த மூணாங்கிளாசுப் பய மொகம் அப்படியே இருந்துச்சு. அன்னிக்கு என் சேல முந்தியப் பிடிச்ச பய, இப்ப நான் பிடிச்சிருக்கேன், அவன் விடச் சொல்றான். போட்டுட்டேன். நல்லா இறுக்கிப் போட்டேன். எனக்கு அழுக பொத்துக்கிட்டு வந்துருச்சு.

அப்பத்தான் அந்தப் பொண்ணு, குனிஞ்ச தல நிமிராம, என் பக்கம் லேசாச் சாஞ்சு மொத வார்த்த பேசுனா.

"மதினி, நீங்க வந்துருவீங்களோன்னு ராத்திரி பூராத் தூங்கவே இல்ல."

அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். காதுக்குப் பக்கத்துல நாயனம். தவில்காரன் வேற போட்டு இடிச்சுக்கிட்டு இருக்கான். "வராம இருந்துருவீங்களோ"ன்னுதான் அவ சொல்லியிருப்பா. முன்பாதிய மேளம் முழுங்கிருச்சு. பின்பாதி மட்டும் என் காதுல விழுந்திருக்கு. அது எந்தக் கல்யாணத்துலயும் நடக்கிறதுதான?

அவளையே கேட்டிருக்கலாம்தான். கல்யாணமாகி ரெண்டு வருசம் ஆச்சு, இன்னும் கேக்கல. போன்ல பேசும்போது வாய் வரைக்கும் வரும். அப்புறம் கொழம்பு என்ன வச்சன்னு கேட்டுட்டு வச்சிருவேன். எதுக்குக் கேக்கணும்? கேட்டுத்தான் தெரியணுமா?

நீ சொல்லு தாயி. நீ படிச்ச பொண்ணாத் தெரியுது. வராம இருந்துருவீங்களோன்னுதான அவ சொல்லியிருப்பா? வேற என்ன சொல்லியிருக்க முடியும்?

ஏன் தாயி பேசாம இருக்க? பஸ் சத்தத்துல கேக்கலையா? சரி, கிட்ட வா, இன்னொரு தடவ கேக்குறேன்.